உயரம் கேட்ட அக்கா

பிக்கப் வண்டியை உயர்த்த வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எதற்கு என்பதுதான். காட்டிலிருந்து விறகு ஏற்றவா, பனிக்காலத்தில் மலைக்குடிலுக்குப் போகவா, படகு இழுக்கவா, அல்லது பெற்றோல் நிலையத்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்கவா? பதிலைப் பொறுத்துத்தான் ஸ்பிரிங். ஸ்பிரிங்கைப் பொறுத்துத்தான் ரயர். சில்லின் வளையமான றிம் கடைசி. எங்கள் கடைக்கு வரும் இளசுகள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். தொலைபேசியில் ஒரு கறுப்பு றிம்மைக் காட்டி, இதற்குத் தக்கபடி வண்டியை உயர்த்தித் தாருங்கள் என்பார்கள். செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டுகிற கதை. எனக்கு எரிச்சல் வந்துவிடும். ஒஸ்லோவிலிருந்து லில்லெஸ்ட்ரோம் போகும் வழியில் இருக்கிற இந்தக் கடையில் இத்தனை வருடம் நின்றும் பொறுமை மட்டும் எனக்குப் பழகவில்லை.

நான் "எதுக்கு?" என்று கேட்டு, பதிலே வாங்க முடியாமல் போனது ஒரே ஒருவரிடம்தான். அவர் ஒரு மன்னார் அக்கா. என் நெஞ்சு உயரம்கூட இருக்கமாட்டார். முழங்கால் இரண்டும் தேய்ந்து, நடக்கும்போது வாத்துப்போல இரு பக்கமும் ஆடுவார். ஒரு காலத்தில் வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கே மேசையெல்லாம் நோர்வேக்காரரின் உயரத்துக்குச் செய்தவை. கவிழ்த்த மீன்பெட்டி ஒன்றின்மேல் ஏறி நின்றுதான் மீன் வெட்டினாராம். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தார். என் மனைவியும் அவரும் ஒரே மாதா கோவிலுக்குப் போகிறவர்கள்.

"ஏன் அக்கா இப்படிச் செய்யிறியள்?" என்று யார் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே சொல்தான்.

"வேணும்."

அவ்வளவுதான். அதற்குமேல் கேட்டால், "வேணும் எண்டா வேணும்தானே" என்பார். ஊரில் இப்படிப்பட்டவர்களுக்கு வைக்கும் பெயர் எல்லாருக்கும் தெரியும்: தலைக்கனம் பிடித்தவர்.

நானும் சில காலம் அப்படித்தான் நினைத்தேன். எங்களுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மூத்தவளை வைத்துக்கொண்டு நான் பாணும் முட்டையுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். அக்கா ஒருநாள் பெரிய பாத்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்.

"தம்பி, என்ரை பிரிட்ஜிலை இடமில்லை. உதை உங்கடையிலை வையுங்கோ. பழுதாப்போற மாதிரிக் கிடந்தா எடுத்துச் சாப்பிடுங்கோ, பறவாயில்லை."

அடுத்த நாள் இன்னொரு பாத்திரம். அதற்கடுத்த நாள் சட்டி நிறைய இடியப்பம். சின்ன பிரிட்ஜ் வைத்திருக்கிறார், பாவம் என்று நான் மனைவியிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தையல் நோகிறது என்றாள், மறுபடியும் சிரித்தாள். அந்த பிரிட்ஜைப் பின்னர் நானே பார்த்தேன். ஒரு ஆட்டை நிற்கவைத்தே பூட்டலாம்.

கோவிலில் நடப்பதும் இதுதான். பூசை நீண்டு, வயதான யாராவது சுவரோரம் கால் மாற்றி மாற்றி நிற்பதைக் கண்டால், அக்கா தன் கதிரையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைப்பார். "ஆரும் எடுத்துப்போடுவினம், அம்மா. நான் வருமட்டும் இருந்து காவல் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போவார். பூசை முடியும்வரை வரமாட்டார். உட்கார்ந்த கிழவி, தான் ஒரு பெரிய உபகாரம் செய்வதாக நினைத்து நிமிர்ந்து இருப்பாள். நன்றி சொல்ல வேண்டியது யார், வாங்க வேண்டியது யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அதில்தான் அக்காவின் கெட்டித்தனம்.

அவருடைய கணவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஆறடி ஆள். ஒஸ்லோவில் பஸ் ஓட்டியவர். பஸ்ஸின் ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஊரைப் பார்த்துப் பழகியவருக்குக் கார் பிடிக்காது. "தவளை மாதிரி நிலத்தோடை ஒட்டிக்கொண்டு போறதும் ஒரு பயணமோ?" என்பார். அப்படிப்பட்ட மனிதருக்குப் பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன.

நகரசபையான கொமுனவிலிருந்து உதவிக்கு ஆட்கள் வந்தார்கள், சக்கர நாற்காலி வந்தது, ஏற்றி இறக்கும் வசதியுள்ள வானும் வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வானில் ஏற்றிய முதல் நாளே, அண்ணையை இரண்டு பேர் வார் போட்டுக் கட்டி, தட்டில் வைத்து உயர்த்தியபோது, தொடர்மாடியின் பல்கனிகளில் சனம் நின்று பார்த்தது. யாரும் கேலிக்குப் பார்க்கவில்லை. பாவம் என்றுதான் பார்த்தார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்ததும் அக்காவிடம் சொன்னாராம்: "இனி நான் இந்த வாசலைத் தாண்டுறதெண்டா பெட்டியிலைதான்."

சொன்னபடியே இருந்தார். இரண்டு பனிக்காலம் அவர் வெளியே வரவில்லை. குளியலறையில் பிடித்து எழும்புவதற்குக் கம்பி பூட்டியபோது, அது நோயாளிக்கு உரியது என்று கழற்றச் சொல்லிவிட்டார். அக்கா மறுபேச்சுப் பேசாமல் கழற்றினார். அடுத்த கிழமை அதே இடத்தில் துவாய் காயப்போடுவதற்கென்று தடித்த கம்பியொன்று வந்தது. அக்கா தினமும் அதில் துவாய் போட்டார். அண்ணை தினமும் அதைப் பிடித்து எழும்பினார்.

இதெல்லாம் மனைவி சொல்லி எனக்குத் தெரியும். அந்த நிலையில்தான் ஒருநாள் அக்கா தன் சின்னக் காரைக் கொடுத்துவிட்டு, பின் இருக்கையும் உள்ள பழைய நாலு கதவுப் பிக்கப் ஒன்றில் எங்கள் கடைக்கு வந்து இறங்கினார். இறங்கினார் என்று சொல்கிறேனே தவிர, அவர் இறங்கியதை நான் காணவில்லை. நான் நிமிர்ந்தபோது கல்லாவுக்கு முன்னால் நின்றார்.

"இதை உயத்தவேணும், தம்பி."

"எதுக்கு அக்கா?"

"வேணும்."

அண்ணை எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "இருக்கிறார்" என்றார். பிறகு பையிலிருந்து சிவப்புக் கம்பளி நூல் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். அளந்து வெட்டிய நூல்.

"மற்றப் பக்கத்துச் சீற்றிலை ஒராள் இருக்கேக்கை, சீற்றிலை இருந்து நிலம் மட்டும் இது வரவேணும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

வண்டியின் அடி கல்லில் தட்டாமல் இருக்க எவ்வளவு உயர்த்தலாம் என்று கேட்பார்கள். சேறு தெறிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். இருக்கையின் உயரத்தை நூலில் கொண்டுவந்து காட்டியவர் இவர்தான். இருக்கையிலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தேன். நூலின் நுனி தரையில் சுருண்டு கிடந்தது.

"இருக்கிற ஆள் என்ன நிறை? அதுக்கேற்றமாதிரி ஸ்பிரிங் பதியும்."

"உங்களைவிடக் கொஞ்சம் கூட."

"உயரமான ஆளோ?"

"தம்பி, நீங்கள் ஸ்பிரிங் விக்கிறியளோ, விசாரணை வைக்கிறியளோ?"

நான் வாயை மூடிக்கொண்டு றிம் பக்கம் கூட்டிப்போனேன். பெடியன்கள் கேட்பது, ரயரை வண்டிக்கு வெளியே தள்ளி நிறுத்துகிற றிம். பார்வைக்கு வண்டி மார்பை விரித்து நிற்கும். அக்கா அதைத் தொட்டும் பார்க்கவில்லை. "சில்லு வெளியாலை தள்ளக்கூடாது. வண்டி ஒரு கட்டோடை ஒட்டி நிக்கவேணும்" என்றார். சரி, வண்டி உயர்ந்தால் இவருடைய முழங்காலுக்கு ஏற முடியாதே என்று, இரண்டு பக்கமும் கால்வைக்கும் படி பூட்டலாம் என்றேன். படியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆசை இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

"வேண்டாம்."

"உங்கடை பக்கம் மட்டும்?"

"ஒரு பக்கம் மட்டும் பூட்டினா, மற்றப் பக்கம் ஏன் இல்லை எண்டு கேப்பினம்."

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அவர்களுடைய தொடர்மாடியின் வாசலில் ஒரு சீமெந்து மேடை உண்டு. தெருவிலிருந்து மூன்று படி உயரம். வீட்டிலிருந்து லிஃப்டில் இறங்கினால் சக்கர நாற்காலியை நேராக அந்த மேடைக்கு உருட்டி வரலாம். மேடையின் விளிம்போடு வண்டியை ஒட்டி நிறுத்தினால், நாற்காலியும் வண்டியின் இருக்கையும் ஒரே உயரத்தில் இருந்தால், நடுவில் ஒரு பலகை போதும். ஒரு கை நன்றாக இருக்கிற மனிதர் தானாகவே நகர்ந்து உட்கார்ந்துவிடலாம். வார் இல்லை, தட்டு இல்லை, தூக்க ஆள் இல்லை. படி பூட்டினாலோ வண்டிக்கும் மேடைக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிடும். சில்லு வெளியே தள்ளினாலும் அதேதான். வண்டி உயராவிட்டால் கதவின் அடி மேடையில் இடிக்கும்.

அண்ணைக்கோ என்று கேட்க வாய் வந்தது. அக்கா ரயர் அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை.

அன்றுபோல அக்கறையாக நான் ஒருவருக்கும் ஸ்பிரிங் தெரிவு செய்ததில்லை. அதிகம் உயர்த்தினால் வண்டிக்கு அனுமதி வாங்குவது கடினம். அதனால் ஸ்பிரிங்கில் அளவாகவும், மீதியை ரயரிலும் எடுத்தேன். ரயர் எவ்வளவு பெருத்தாலும் அதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். அதைப் பெடியன்களுக்கு விளங்கப்படுத்தவே எனக்கு வயது போய்விட்டது, அக்காவோ நூலை இரண்டாக மடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அகலமில்லாத, உயரமான ரயர். மென்மையான ஸ்பிரிங். கடினமான ஸ்பிரிங் ஒவ்வொரு குழியிலும் ஆளை ஒரு பக்கம் எறியும், ஒற்றைக் கையோடு இருப்பவர் எதைப் பிடிப்பார்? வேலை முடிந்ததும், என்னைவிட நிறை கூடிய என் முதலாளியை அந்த இருக்கையில் ஏற்றி உட்காரவைத்து, நூலைத் தொங்கவிட்டேன். நுனி தரையைத் தொட்டு நின்றது. முதலாளி நோர்வேக்காரர், எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

வண்டி போய்ச் சில நாளில் அக்கா தொலைபேசி எடுத்தார். "வண்டியிலை ஏதோ சத்தம், தம்பி. ஒருக்கா வந்து பாருங்கோ." நான் போட்ட வேலையில் சத்தமா என்று சிலிர்த்துக்கொண்டு போனேன். வெயில் எறித்த ஒரு வசந்தகாலப் பகல். வண்டி வாசல் மேடையோடு ஒட்டி நின்றது. என்னை ஓட்டச் சொன்னார், ஓட்டினேன், ஒரு சத்தமும் இல்லை. "நீங்கள் ஓடினா வராது, நான் ஓடினாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு மேலே வீட்டுக்குக் கூட்டிப்போனார். அண்ணை யன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார்.

"இஞ்சை பாருங்கோ, இந்தத் தம்பிக்குச் சத்தம் பிடிபடேல்லையாம்" என்றார் அக்கா.

எனக்குச் சுர் என்றது. ஆனால் ஓம் என்று தலையாட்டினேன்.

"பக்கத்துச் சீற்றிலை நிறையான ஆள் இருந்தாத்தான் கேக்குமாக்கும். நீங்கள் பஸ் ஓடினனீங்கள், உங்கடை காதுக்குத் தெரியும். தெரு முனை மட்டும் ஒருக்கா வாங்கோ. எனக்கு உதிலை பயமாக் கிடக்கு."

அண்ணை என்னைப் பார்த்தார். பயலுக்கு ஒரு சத்தம்கூடக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்ற பார்வை. பிறகு யன்னலைப் பார்த்தார். அக்கா ஏதோ தேடுவதுபோல அலுமாரியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். இவர் மாட்டேன் என்றால், அந்த நூல், ஸ்பிரிங், ரயர் எல்லாம் வெறும் இரும்பும் றப்பரும்தான்.

"உவவின்ரை ஓட்டத்துக்குச் சத்தம் வராமல் சங்கீதமோ வரும்?" என்றார் அண்ணை. "உருட்டு."

மேடையில் பலகையை வைத்தது மட்டும்தான் எங்கள் வேலை. அண்ணை வலது கையை ஊன்றி, மூச்சைப் பிடித்து, நகர்ந்து, வண்டிக்குள் உட்கார்ந்தார். பல்கனியில் ஒரு பெண் பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மனிதர் வண்டியில் ஏறுவதில் பார்க்க என்ன இருக்கிறது?

"நீங்கள் பின்னுக்கு ஏறுங்கோ, தம்பி. நான் வாறன்" என்றார் அக்கா. நான் பின் இருக்கையில் ஏறிப் பட்டியைப் பூட்டி முடித்தபோது அவர் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். தெரு முனை வந்தது. அண்ணை நில் என்று சொல்லவில்லை, அக்காவும் நிறுத்தவில்லை. பெரிய வீதியில் எதிரே ஒரு சிவப்பு பஸ் வந்தது. அண்ணையின் கண்ணும் அந்த ஓட்டுநரின் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் சந்தித்தன. பழைய கூட்டாளியோ, வெறும் தொழில் மரியாதையோ, அந்த ஓட்டுநர் கையை உயர்த்தினார். அண்ணை தன் நல்ல கையை உயர்த்தினார்.

"எஞ்சினிலை ஒண்டுமில்லை" என்றார் அண்ணை. "உனக்குத்தான் கியர் மாத்தத் தெரியேல்லை."

"ஓம், தெரியாதுதான்" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த வண்டி வெளிக்கிட்டது. கோவில் முற்றம், விளையாட்டுப் போட்டி நடக்கும் திடல், திராமன் ஆற்றங்கரை என்று எங்கும் போனார்கள். அண்ணை இறங்குவதில்லை. யன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பார். நாற்காலியில் இருந்தபோது அவர் பார்த்தது எல்லாருடைய இடுப்புப் பட்டியையும்தான். இப்போது ஆட்கள் வண்டியருகே வந்து, முகத்துக்கு முகம் நின்று கதைத்தார்கள். "ஏன் அண்ணை இவ்வளவு உயரம்?" என்று யாராவது கேட்டால் சத்தமாகச் சொல்வார்: "உவவின்ரை எடுப்பு! கட்டையா இருக்கிற ஆக்களுக்கு உயரத்திலை ஒரு ஆசை. ஓடத் தெரியாது, நான் பக்கத்திலை இருந்து பாக்காட்டி எங்கையாவது கொண்டுபோய் இடிப்பா." அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சனமும் சும்மா இருக்குமா? புருசன் கை கால் விழுந்து இருக்கிறார், இவவுக்குப் பிக்கப்பும் பெரிய ரயரும் கேக்குது என்று கோவில் வாசலிலேயே கதைத்தார்கள். என் மனைவிக்குக் கோபம் வந்தது. எனக்கும் வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது நல்லது செய்துவிட்டால், மேடையில் ஏற்றி, ஒலிவாங்கியைப் பிடித்து, பொன்னாடை போர்த்தாமல் விடமாட்டார்கள். எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் ஒருவர் எப்படியோ மூளையைப் போட்டு விசயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர், கண் கலங்கியிருந்தது.

"அந்த மனுசி புருசனுக்காகத்தானே வண்டியை உயத்தினது? ஆண்டு விழாவிலை அவரையும் முன்னுக்குக் கொண்டுவந்து வைச்சு, ரெண்டு பேரையும் கௌரவிக்கப்போறம். நான் எல்லாம் விவரமாப் பேசுறன். நீங்கள்தானே வேலை செய்தது, ஒருக்கா உறுதிப்படுத்துங்கோ."

ஒலிவாங்கியில் அது கேட்கிற நேரம் அண்ணையின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அதோடு முடிந்தது. மறுபடியும் யன்னலோரம், மறுபடியும் பெட்டியிலைதான் என்ற பேச்சு.

"உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றேன். "அவ போனிலை ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டி, இப்பிடித்தான் வேணும் எண்டு அடம்பிடிச்சவ. பெடியள் தோத்துப்போவாங்கள். நானே வேண்டாமெண்டு சொன்னனான்."

செயலாளரின் முகம் சுருங்கிப்போனது. பொன்னாடை அந்த வருடம் வேறு யாருக்கோ போனது. அக்காவின் பெயர் இன்னும் கொஞ்சம் கெட்டது, அதில் எனக்கும் பங்குண்டு. ஆனால் ஒரு துளி வருத்தமும் இல்லை. அடுத்த சனிக்கிழமை கதவு தட்டிய சத்தம் கேட்டுத் திறந்தேன். அக்கா மீன்குழம்புச் சட்டியோடு நின்றார்.

"பிரிட்ஜிலை இடமில்லை, தம்பி."

வாங்கி வைத்தேன்.

பனிக்கால ரயர் மாற்ற வண்டியைக் கொண்டுவரும்போதெல்லாம் அவர் அதை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போய்விடுவார். ஒருமுறை ஓட்டுநர் இருக்கையின் பின்னால் ஒரு சின்ன மடக்கு முக்காலி கிடந்ததைக் கண்டேன். அதன் காலில் நீளமான நைலோன் கயிறு கட்டியிருந்தது. முக்காலியை நிலத்தில் வைத்து, அதில் ஏறி, வண்டிக்குள் புகுந்து, பிறகு கயிற்றால் அதை மேலே இழுத்துக்கொள்வது. பாட்ஸ்பியோர்டின் மீன்பெட்டி மறுபடியும் காலுக்குக் கீழே வந்திருந்தது. அவர் ஏறுவதையும் இறங்குவதையும் நாங்கள் ஒருவரும் ஏன் கண்டதில்லை என்று அன்று தெரிந்தது. முக்காலியை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அண்ணை ஒரு மாரியில் போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்திய ஞாயிறும் திராமன் ஆற்றங்கரையில் யன்னலைத் திறந்துவைத்து, அக்காவின் ஓட்டத்தைப் பற்றி யாருக்கோ குறை சொல்லிக்கொண்டிருந்தாராம். பனி உருகிய பிறகு அக்கா கடைக்கு வந்தார். கல்லாவின்மேல் அந்தச் சிவப்பு நூலை வைத்தார்.

"இதைத் திருப்பிப் பதிச்சுத் தாங்கோ, தம்பி. பழைய ஸ்பிரிங், பழைய ரயர்."

இந்தமுறை எதற்கு என்று நான் கேட்கவில்லை. செய்யலாம் அக்கா, அடுத்த கிழமை கொண்டுவாருங்கோ என்று மட்டும் சொன்னேன். அவர் போகவில்லை. நூலை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஏற ஏலாது, தம்பி" என்றார். "ஒருநாளும் ஏலாமத்தான் இருந்தது."

இத்தனை வருடத்தில் அவர் சொல்லி நான் கேட்ட முதல் காரணம் அதுதான்.

"அண்ணைக்குக் கடைசிவரை தெரியாமலே போட்டுது, என்ன?" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். இரண்டாவது பிள்ளை பிறந்தபோது பிரிட்ஜ் சின்னது என்று நம்பிய அதே ஆள்தான் இவன் என்று நினைத்திருக்க வேண்டும். மெல்லச் சிரித்தார்.

"அவருக்கு முதல் நாளே தெரியும். நான் முக்காலியை வைச்சு, ஏறி, கயித்தை இழுத்து, மூச்சு வாங்கி முடியுமட்டும் அந்தப் பக்க யன்னலாலை வெளியிலை பாத்துக்கொண்டிருப்பார். ஒருநாள்கூட இந்தப் பக்கம் திரும்பினதில்லை."

நூலைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். நான் வாசல்வரை கூடவே போனேன். வண்டியருகே நின்று பின்கதவைத் திறந்து முக்காலியை எடுத்தார். கை கொடுக்க என் கால் ஓரடி முன்னே போனது. பிறகு நின்றேன். ரயர் அடுக்கியிருந்த பக்கம் திரும்பி, அதில் எழுதியிருந்த எண்களை வாசித்துக்கொண்டு நின்றேன். எஞ்சின் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன்.